மேசையும் டேபிளும்: ரெண்டு லத்தீன் சொல்லோட கதை

கேள்வி இதுதான்: "ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன், ரெண்டாவது பாடத்துலயே மேசைக்கு 'மேஸா'ன்னு வந்துச்சு, ஆச்சரியமா இருந்துச்சு. 'மிசை'ங்கற சங்கத் தமிழ்ச் சொல்லு தான் ஐரோப்பாவுக்குப் போய் மேஸா ஆச்சுன்னு ஒரு ஃபார்வர்டும் வந்திருக்கு. உண்மையா?"

உண்மை இல்லைங்க. வந்த திசை நேர் எதிர், அதுவும் ஸ்பானிஷ்லேருந்து வரல, போர்ச்சுகீஸ்லேருந்து வந்தது. ஆனா அந்த ஃபார்வர்டு எழுதினவர நான் ரொம்பத் திட்ட மாட்டேன், ஏன்னா மிசைங்கற சொல்லு அவ்ளோ அழகா வந்து மாட்டுது. "மலர்மிசை ஏகினான்"ல மிசைன்னா மேல. "மிச்சில் மிசைவான் புலம்"ல மிசைதல்னா சாப்பிடறது. மேல வச்சு சாப்பிடற ஒரு பொருளுக்கு மேசைன்னு பேரு, மூலம் மிசை, வேற என்ன வேணும்? இதே தப்ப 1400 வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின்ல ஒரு பிஷப் பண்ணியிருக்காரு, அவர்கிட்ட அப்புறம் வரேன்.

லத்தீன்ல மேசைக்கு மென்ஸான்னு பேரு. பழைய காலத்துல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல லத்தீன் ஆரம்பிச்சா முதல் நாள் மனப்பாடம் பண்ற சொல்லே இதுதான், நம்ம வேற்றுமை உருபு மாதிரி மென்ஸா, மென்ஸாம், மென்ஸாய்னு ஓடும். சின்னப் பையனா இருந்த சர்ச்சில், அதுல விளி வேற்றுமை "ஓ மேசையே"ன்னு இருந்ததப் பாத்து, நான் எதுக்கு மேசையக் கூப்பிடப் போறேன்னு வாத்தியார்கிட்டக் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது பிரபலமான கதை.

இப்ப முக்கியமான விஷயம் என்னன்னா எழுத்துல மென்ஸா, வாயில மேஸா. நடுவுல இருக்கற ன் ரோமானியர் காலத்துலயே விழுந்துடுச்சு. எப்படித் தெரியும்னா அவங்க பண்ணின ஸ்பெல்லிங் மிஸ்டேக்லேருந்து தான். கி.மு. 259ல ரோம்ல கான்சலா, அதாவது நாட்டோட தலைமைப் பதவியில இருந்த லூசியஸ் கார்னீலியஸ் ஸ்கிப்பியோவோட கல்லறையில அவரோட பதவிகள வரிசையா வெட்டியிருக்காங்க, கோன்ஸுல்னு இருக்கணும், கோஸோல்னு இருக்கு, கேன்ஸோர்னு இருக்கணும், கேஸோர்னு இருக்கு. கல்லு வெட்டினவன் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படியே வெட்டிட்டான். பெரிய குடும்பத்து சமாதி அது, தெருவோரத்து கிறுக்கல் இல்ல. சிசரோ மாதிரி பேச்சுக்கே பேர் போன ஆளு கூட சில சொல்லுல இந்த ன்-ஐ விட்டுட்டு பேசறதத் தான் விரும்பினாருன்னு பின்னாடி வந்த ஒரு இலக்கணக்காரர் எழுதி வச்சிருக்காரு.

சிசரோன்னதும் ஒண்ணு சொல்லணும், மேசைப் பைத்தியத்துல அந்த ஆளு யாருக்கும் குறைஞ்சவரு இல்ல. வட ஆப்பிரிக்காவுல அட்லஸ் மலைப் பக்கம் வளர்ற ஒரு மரத்துல பண்ணின மேசை ஒண்ண அவரு 5,00,000 செஸ்டர்ஸுக்கு (அது ரோமானியக் காசு) வாங்கினாரு, அது தன் காலம் வரைக்கும் இருக்குன்னு பின்னாடி வந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதறாரு. பேரரசர் அகஸ்டஸ் காலத்துல ஒரு சாதாரண சிப்பாய்க்கு வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்க, ஐந்நூறு வருஷத்துக்கு மேல சிப்பாய் வேலை பாத்தா அந்த ஒரு மேசை வாங்கலாம்.

ன் விழுந்ததுக்கு இன்னொரு சாட்சி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்பெண்டிக்ஸ் ப்ரோபின்னு ஒரு பட்டியல், 227 வரி, ஏதோ ஒரு வாத்தியார் உக்காந்து "இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாத"ன்னு எழுதினது. நம்ம ஊர்ல "பழத்த பளம்னு சொல்லாத"ன்னு தலையில குட்டுவாங்கள்ல, அச்சு அசல் அதே தான். அதுல ஒரு வரி "மென்ஸா, மேஸா இல்ல". அப்போ ஜனங்க மேஸான்னு தான் சொல்லிட்டிருந்தாங்க, அதனால தானே வாத்தியாருக்கு கோவம். அதே பட்டியல்ல இன்னொரு வரி "தாபுலா, தாப்லா இல்ல". தாபுலான்னா பலகை. இந்த தாப்லாவ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். வாத்தியார் தடுத்த ரெண்டு தப்பும் தான் கடைசில ஜெயிச்சது, அவரு சரின்னு சொன்னது புத்தகத்துல மட்டும் நின்னுச்சு.

மென்ஸாவுக்கு மூலம் என்னன்னு கேட்டா, அளக்கறதுன்னு அர்த்தம் வர்ற மெதியோர்ங்கற வினையோட எச்சம் மென்ஸுஸ், அதோட பெண்பால் வடிவம் மென்ஸா, அதாவது "அளந்து வச்சது"ன்னு தான் பொதுவா சொல்வாங்க. சரி, அளந்து வச்சதுக்கும் மேசைக்கும் என்ன சம்பந்தம்? இங்க தான் ரொட்டி உள்ள வருது. மத்திய இத்தாலியில கூபியோங்கற ஊர்ல ஏழு வெண்கலத் தகடு கிடைச்சிருக்கு, லத்தீனுக்கு பங்காளி மொழியான உம்ப்ரியன்ல எழுதினது, முழுக்க பூஜை முறை. அதுல படையலா வைக்கற ஒரு தினுசு ரொட்டிக்கு மேஃபான்னு பேரு, இதையும் மென்ஸாவையும் ஒரே வேர்னு சேர்த்துப் பாக்கறாங்க. அப்படின்னா ஆளுக்கு அளந்து வச்ச பங்கு, இல்ல சாமிக்கு அளந்து வச்ச ரொட்டி, அதுக்கு அப்புறம் அத வைக்கற இடம்னு அர்த்தம் நகர்ந்திருக்கணும்.

இத ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதின கதையோட சேர்த்து வச்சுப் பாத்தா செம சுவாரஸ்யம். ட்ராய் எரிஞ்ச அப்புறம் ஈனியஸ் கூட்டம் கப்பல்ல அலையறாங்க, வழியில பாதிப் பறவை பாதிப் பொம்பளையா இருக்கற ஒரு பிராணி சாபம் விடுது: பசி தாங்காம உங்க மேசையையே கடிச்சுத் தின்னுட்டுத் தான் உங்களால ஒரு ஊரக் கட்ட முடியும். எல்லாரும் நடுங்கிப் போயிடறாங்க. கடைசில டைபர் ஆத்து முகத்துவாரத்துல இறங்கி, ஒரு மரத்தடியில உக்காந்து, புல்லு மேல தட்டையா கோதுமை ரொட்டியப் பரப்பி அது மேல காட்டுப் பழத்த வச்சு சாப்பிடறாங்க. பழம் பத்தல. அடியில இருந்த ரொட்டியையும் பிச்சுத் தின்ன ஆரம்பிச்சாங்க. அப்போ ஈனியஸ் பையன் யூலுஸ் சும்மா கிண்டலா "அட, மேசையையும் தின்னுட்டோமே"ங்கறான். அவ்ளோதான், அப்பாவுக்கு பொறி தட்டுது, நாம வந்து சேர வேண்டிய மண்ணு இதுதான்னு. வாழை இலையில சாப்பிடற நமக்கு இது உடனே புரியும், இலை தான் மேசை, என்ன, நாம இலையத் திங்கறதில்ல. அந்தப் பையன் அடிச்ச ஜோக்குல மென்ஸாவோட பழைய ரொட்டி அர்த்தம் ஒளிஞ்சிருக்குன்னு சில அறிஞர்கள் சொல்றாங்க, எனக்கும் அது சரின்னு தான் படுது.

இப்ப அந்த பிஷப். செவில் நகரத்து இசிடோர், 636ல இறந்தவரு, உலகத்துல இருக்கற எல்லா சொல்லுக்கும் மூலம் சொல்றேன்னு இருபது பாகத்துல எழுதி வச்சவரு. கடைசி பாகத்துல மேசைக்கு வராரு. முதல் மேசைய கிரேக்கப் புராணத்துல வர்ற கைவினைஞர் டீடலஸ் தான் செஞ்சாருன்னுட்டு, மென்ஸாங்கற பேரு "ஏஸு", அதாவது சாப்பிடறதுங்கற சொல்லுலேருந்து வந்துச்சு, மேசைக்கு வேற என்ன வேலை இருக்குங்கறாரு. சத்தம் கொஞ்சம் ஒத்துப் போகுது, அர்த்தம் நல்லா ஒத்துப் போகுது, முடிச்சிட்டாரு. மிசைலேருந்து மேசைன்னு சொல்றவரும் இதே வேலையத் தான் பண்றாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சாப்பாடு தான் கண்ணுல பட்டிருக்கு பாருங்க! மிசைலேருந்து போயிருந்தா லத்தீன் எழுத்துல அந்த ன் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், கதை நின்னுடும். ன் இருந்து விழுந்த சொல்லு இது, நம்மகிட்ட வந்து சேந்தது விழுந்த அப்புறம் இருந்த வடிவம்.

அடுத்தது ரோமன் பேரரசு உடைஞ்ச அப்புறம். ஸ்பானிஷ்ல மேஸா, போர்ச்சுகீஸ்ல மேஸா ஆனா சத்தம் மேZஆ மாதிரி, அதாவது ஜிப்ல, ஜீப்ராவுல நாம ஜ போட்டு சமாளிக்கறோமே அந்த சத்தம். சார்டீனியாத் தீவுல மேஸா. ஸ்விஸ் மலைக்குள்ள இருக்கற ரோமான்ஷ்ல மைஸா. ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கருங்கடல் பக்கம் ருமேனியன்ல மஸ, கடைசி உயிர் அமுங்கின மாதிரி வரும். ஆனா நடுவுல இருக்கற ஃப்ரான்ஸ்லயும் இத்தாலியிலயும் என்ன ஆச்சு? ஃப்ரெஞ்சுல தாப்ல், இத்தாலியன்ல தாவோலா, தாவோலோ, கேட்டலன்ல தௌலா. எல்லாம் அந்த வாத்தியார் திட்டின தாப்லா, பலகை. மத்தியகாலத்துல சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் ரெண்டு முக்காலி மாதிரி கால் போட்டு மேல நீளமா பலகைய அடுக்குவாங்க, சாப்பிட்டதும் கழட்டி சுவரோரம் சாத்திடுவாங்க, அப்படி இருக்கும்போது பலகைன்னு சொன்னாலே மேசைன்னு ஆயிடறது சகஜம் தானே. தெலுங்குல பல்லன்னா பலகையும் தான் மேசையும் தான், அதே போக்கு. ஸ்பானிஷ்ல தாப்லா இன்னும் வெறும் பலகையாவே கிடக்கு, அந்த ஊர்ல மேசை ஆகற பாக்கியம் அதுக்குக் கிடைக்கல.

நடுவுல புதுசு, ரெண்டு ஓரத்துலயும் பழசு. இத்தாலிய மொழியியல் ஆளு மத்தேயோ பார்த்தோலி இத ஒரு விதியாவே சொன்னாரு: குளத்து நடுவுல கல்லு போட்டா அலை கரைக்கு வர நேரமாகும், அதுக்குள்ள கரையோரத்துல பழைய தண்ணி அப்படியே இருக்கும். "இன்னும் அதிகம்"ங்கறதுக்கு ஸ்பானிஷ்ல மாஸ், ருமேனியன்ல மய், ஃப்ரெஞ்சுல ப்ளூ, இத்தாலியன்ல பியூ. பெண் குதிரைக்கு ஸ்பானிஷ்ல யேக்வா, ருமேனியன்ல யாப, ரெண்டும் பழைய லத்தீன் ஏக்வா. எல்லா சொல்லும் இப்படிச் சொன்ன பேச்சு கேக்காது, சார்டீனியா மாதிரி கணக்க கெடுக்கற இடமும் உண்டு, அதனால இத விதின்னு சொல்றத விட ஒரு பழக்கம்னு எடுத்துக்கறது நல்லது. ஃப்ரான்ஸ்லயும் மென்ஸா மொத்தமா சாகல, தச்சர்கள் ரெண்டு மரத்த சேர்த்துப் பிடிக்க வைக்கற கட்டைக்கு முவாஸ்னு சொல்வாங்க, அது மென்ஸாவே தான், சாப்பாட்டு அறையிலேருந்து துரத்திவிட்டு கூரைக்கு மேல ஏறி உக்காந்துடுச்சு.

அர்த்தம் ஒவ்வொரு ஊர்லயும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கு. ருமேனியன்ல மஸன்னா மேசையும் தான், சாப்பாடும் தான், மதியச் சாப்பாட்டுக்கே "மதிய மேசை"ன்னு தான் சொல்லணும். கூட வேலை பாத்த ருமேனியாக்காரர் ஒருத்தர் தினமும் ஒரு மணிக்கு "ல மஸ!"ன்னு குரல் கொடுப்பாரு, முதல் ரெண்டு நாள் ஏதோ மீட்டிங் டேபிளுக்குக் கூப்பிடறாருன்னு நினைச்சு லேப்டாப்பத் தூக்கிட்டுப் போய் நின்னேன், அவரு கையில டிபன் டப்பா.

ஸ்பானிஷ்ல ஸோப்ரேமேஸான்னு ஒரு சொல்லு, "மேசை மேல"ன்னு அர்த்தம், சாப்பிட்டு முடிச்சும் எந்திரிக்காம கை காயக் காய பேசிட்டு இருக்கறோமே, அதுக்குப் பேரு. அதே சொல்ல போர்ச்சுகல்ல சொன்னா டெசர்ட் கொண்டாந்து வச்சிருவாங்க. பக்கத்து பக்கத்து நாடு, ஒரே சொல்லு, ஒண்ணு பேச்சு, ஒண்ணு புட்டிங். மெக்ஸிகோவுல சர்வருக்கு மெஸேரோ. தலைய சீவிவிட்ட மாதிரி உச்சி தட்டையா இருக்கற மலைக்கும் மேஸா தான், அமெரிக்காவுல கொலராடோவுல இருக்கற மேஸா வெர்டேன்னா "பச்சை மேசை". ஸ்பெயின் நடுவுல இருக்கற பீடபூமி மெஸேத்தா, சின்ன மேசை. ஆனா ஸ்பெயின்ல சாப்பாட்டுக்கடைங்க வாசல்ல மெஸோன்னு போர்டு இருக்கும், அதப் பாத்து மேஸாவோட தம்பின்னு நினைச்சுடாதீங்க, அது தங்கற இடம்ங்கற மன்ஸியோலேருந்து வந்தது, ஃப்ரெஞ்சு மேஸோனுக்கு உடன்பிறப்பு. அங்கயும் ஸ-வுக்கு முன்னாடி இருந்த ன் தான் விழுந்திருக்கு, அதனால பாக்க ஒண்ணாத் தெரியுது.

இத்தாலியன்ல வீட்டு மேசைக்கு தாவோலான்னு ஆனதால மென்ஸா வேலையில்லாம இருந்துச்சு, அத புத்தகத்துலேருந்து திரும்ப எடுத்து காலேஜ், ஃபேக்டரி சாப்பாட்டுக்கூடத்துக்குப் பேரா வச்சுட்டாங்க. ஜெர்மனியிலயும் யூனிவர்சிட்டி கேன்டீனுக்கு மென்ஸா தான், அங்க படிக்கப் போன நம்ம பசங்களுக்குத் தெரியும். நம்ம ஹாஸ்டல் மெஸ் அதுவேதான்னு பல பேரு நினைக்கறாங்க. இல்ல! மெஸ்ங்கறது மிஸ்ஸுஸ், "அனுப்பினது", சமையல்கட்டுலேருந்து மேசைக்கு அனுப்பி வச்ச பதார்த்தம், பழைய ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, பட்டாளத்துல புழங்கி, மாமி மெஸ், ஆந்திரா மெஸ்னு நம்ம தெருவுக்கு வந்திருக்கு. வேலை ஒண்ணு, சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணு, வேர் வேற.

போர்ச்சுகீஸ் ஆளுங்க இந்தியாவுக்கு வர்ற வழிக்கு வருவோம். கேப் டவுன்ல இருக்கற டேபிள் மவுண்டன் மேல 1503ல ஏறின அந்தோனியோ தெ ஸல்தான்யா அதுக்கு வச்ச பேரு தாபோவா தோ காபோ. வீட்ல மேஸான்னு சொல்ற மனுஷன் மலைக்கு பலகைன்னு பேரு வச்சிட்டாரு. 1750கள்ல அங்க போய் தெற்கு வானத்த வரைபடம் போட்ட ஃப்ரெஞ்சுக்காரர் லகாய், வீட்ல தாப்ல்னு சொல்ற ஆளு, அந்த மலை பேர்ல ஒரு நட்சத்திரக் கூட்டத்த உண்டாக்க, அது லத்தீன்ல மோன்ஸ் மென்ஸாய்னு ஆகி இப்ப மென்ஸான்னு நிக்குது. பலகைக்காரங்க மேசைன்னும் மேசைக்காரங்க பலகைன்னும் மாத்தி மாத்தி வச்சிருக்காங்க. அந்த நட்சத்திரமெல்லாம் ரொம்ப மங்கல், ரொம்ப தெற்கு, நம்ம ஊர் மொட்டை மாடியிலேருந்து தேடறது வேஸ்ட்.

1498ல கோழிக்கோடு, 1530கள்ல தூத்துக்குடி பக்கம் முத்துக்குளித்துறையில பரதவர் ஞானஸ்நானம், 1542ல சேவியர், இப்படி வந்தவங்க கூடவே வீட்டுச் சாமானும் வந்துச்சு, சாமான் கூடவே பேரும் வந்துச்சு. ஜன்னல், சாவி, அலமாரி, பீப்பாய், துவாலை, மேசை எல்லாம் ஒரே கப்பல்ல வந்த உருப்படிங்க மாதிரி. மலையாளத்துல மேஶ, சிங்களத்துல மேஸய, ஆப்பிரிக்கக் கரையோரம் சுவாஹிலியில மேஜா மாதிரி ஒரு சத்தம். போர்ச்சுகீஸ் கப்பல் நின்ன துறையெல்லாம் இந்த சொல்லு இருக்கு, சங்கப் பாட்டுல இல்ல, மிசைக் கதைக்கு இதுவே பதில். இந்தியில இருக்கற மேஜ் மட்டும் தனி, அது பாரசீகம், விருந்து கொடுக்கறவருக்கு மேஜ்பான்னு பழைய பாரசீகப் பாட்டுலயே இருக்கு, போர்ச்சுகீஸ் ஆளுங்க வர்றதுக்கு நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடி.

நீங்க ஸ்பானிஷ்னு நினைச்சதுக்கு காரணமும் இதுல இருக்கு. போர்ச்சுகீஸ்ல நடுவுல வர்றது Z சத்தம், தமிழ்ல அந்த சத்தம் கிடையாது, ச-வா மாத்திக்கிட்டோம். ஸ்பானிஷ்லயும் பழைய காலத்துல அதே சத்தம் தான் இருந்துச்சு, பிற்பாடு அவங்களே அத ஸ-வா தேய்ச்சிட்டாங்க. ரெண்டு பேரும் தனித்தனியா தேய்ச்சு ஒரே இடத்துல வந்து நிக்கறோம். மேசையா மேஜையான்னு சண்டை போடறவங்களுக்கும் இதையே சொல்வேன், மேஜை எழுதறவரு அந்தச் சத்தத்த ஜ வச்சுப் பிடிக்கப் பாக்கறாரு, மேசை எழுதறவரு தமிழ் வாய்க்குத் தகுந்த மாதிரி எழுதறாரு, ரெண்டும் பொழைச்சுப் போகட்டும்.

பார்த்தோலி சொன்ன குளத்து அலை நம்மகிட்டயும் நடந்திருக்கு. இலங்கைத் தமிழ்ல இன்னைக்கும் மேசை, கதிரை, வாங்கு தான். கதிரை போர்ச்சுகீஸ் கதேய்ரா, வாங்கு அவங்களோட பாங்கோ, பெஞ்சு. பணம் போடற பேங்க்கும் அதே குடும்பம், இத்தாலியில காசு மாத்தறவன் போட்டு உக்காந்த பெஞ்சு தான் பேங்க் ஆச்சு. யாழ்ப்பாணம் 1619லேருந்து 1658 வரைக்கும் தான் அவங்க நேரடி ஆட்சியில இருந்துச்சு, நாப்பது வருஷம் கூட இல்ல, சொல்லு நானூறு வருஷம் தாண்டி நிக்குது. சென்னையிலயோ டேபிள், சேர், பெஞ்சு. இந்த டேபிள் யாரு? தாப்லா தான், ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷ், இங்கிலீஷ் வழியா நாம.

ரோமன் ஐரோப்பாவுல மென்ஸாவும் தாபுலாவும் பாகம் பிரிச்சுக்கிட்டு ஓரமும் நடுவுமா ஒதுங்கிடுச்சு. எங்க வீட்ல ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கு. எங்க ஆச்சி கண்ணாடியத் தேடினா என் பொண்ணு போன்லேருந்து தலையத் தூக்காமலே "டேபிள் மேல தான் ஆச்சி இருக்கு"ம்பா, ஆச்சி மேசை முழுக்கத் தடவிப் பாத்துட்டு "மேசையில ஒண்ணையும் காணுமேடி"ம்பாங்க.